லைப்ரரி கோப்பு கிடைக்கவில்லை என்று நிரல் நின்றுவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸில் ஒரு நிரலை இயக்கப் போனால் "எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்" என்று ஒரு வரி வந்து அப்படியே நின்றுவிடும். பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரி என்ற கோப்பு ஒன்றைத் திறக்க முடியவில்லை என்பது அதன் பொருள். இதைச் சுற்றி வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பகுதி லினக்ஸ் பற்றியது. விண்டோஸும் மேக்கும் கடைசியில் வருகின்றன. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

இந்தப் பிழைச் செய்தி என்னதான் சொல்கிறது?

செய்தியைக் கடைசி வரை படியுங்கள். பாதிப் பேர் கோப்பின் பெயரைப் பார்த்ததுமே தேட ஓடிவிடுகிறார்கள். காரணம் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. உதாரணமாக: "லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1: கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி". முதலில் கோப்பின் பெயர், அடுத்து திறக்க முடியவில்லை என்ற தகவல், கடைசியில் ஏன் முடியவில்லை என்பது.

அந்தக் கடைசித் துண்டு மாறினால் வைத்தியமும் மாறும். "நோ சச் ஃபைல்" என்றால் தேடிய இடம் எதிலும் கோப்பு இல்லை. "பர்மிஷன் டினைட்" என்றால் கோப்பு கிடைத்துவிட்டது, படிக்க அனுமதி இல்லை. கோப்புக்கு மட்டுமல்ல, அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபெடோரா, ரெட் ஹாட் லினக்ஸ் வகைகளில் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பும் தடுத்திருக்கலாம். "ராங் எல்ஃப் கிளாஸ்" என்றால் 32 பிட், 64 பிட் குழப்பம். "ஃபைல் டூ ஷார்ட்" என்றால் கோப்பு காலியாகவோ பாதியிலேயே அறுந்தோ இருக்கிறது. இன்ஸ்டால் நடக்கும்போது டிஸ்க் நிறைந்துபோனால் இப்படி ஆகும். அந்தக் கோப்பைக் கொண்டுவந்த பேக்கேஜை (இன்ஸ்டால் செய்யும் தொகுப்பை) மறுபடி இன்ஸ்டால் செய்தால் போதும். "ஃபெயில்டு டு மேப் செக்மென்ட்" என்று வந்தால், கோப்பு இருக்கும் டிஸ்க் பகுதி 'நோஎக்ஸிக்' என்று, அதாவது எதையும் இயக்க விடாதபடி, மவுண்ட் ஆகியிருக்கிறதா பாருங்கள். பல சர்வர்களில் டெம்ப் ஃபோல்டரை அப்படித்தான் பூட்டி வைத்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் நிரலுக்குள்ளேயே வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

வைக்கலாம், சிலர் வைக்கிறார்கள். ஆனால் 2014 ஏப்ரலில் இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானபோது என்ன நடந்தது என்று பாருங்கள். பொதுவான லைப்ரரியைப் பயன்படுத்திய சர்வர்களில் அந்த ஒரு பேக்கேஜைப் புதுப்பித்து, சேவைகளை மறுபடி தொடங்கியதும் அத்தனை நிரல்களிலும் ஓட்டை அடைபட்டது. தனித்தனிப் பிரதியை உள்ளே வைத்திருந்த நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பகிர்ந்துகொள்வதற்கு நாம் கொடுக்கும் விலைதான் இந்தப் பிழைச் செய்தி. என் கணக்கில் அது நியாயமான விலை.

லைப்ரரியை யார் தேடுகிறார்கள்? எந்த வரிசையில்?

நிரல் தானாகத் தேடுவதில்லை. டைனமிக் லோடர் என்ற சிறு நிரல் முதலில் ஓடி, வேண்டிய லைப்ரரிகளைத் திரட்டித் தருகிறது. இன்றைய 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அதன் பெயர் எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2. அது தேடும் வரிசையைத் தெரிந்துகொண்டால் இந்தப் பக்கத்தில் பாதியைப் படிக்காமலே விடலாம்.

முதலில், நிரலுக்குள்ளேயே 'ஆர்பாத்' என்று ஒரு பாதை எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். இது பழைய முறை. 'ரன்பாத்' என்ற புதிய முறைப் பாதை இருந்தால் ஆர்பாத்தைக் கண்டுகொள்ளாது. அடுத்து எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி (டெர்மினலில் நாம் வைத்து, நிரல்களுக்குப் போய்ச் சேரும் மதிப்பு). அதற்கடுத்து ரன்பாத். பிறகு /இடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற பட்டியல் கோப்பு. கடைசியாக /லிப், /யூஎஸ்ஆர்/லிப் ஆகியவையும் அவற்றின் 64 பிட் வடிவங்களும்.

இந்த வரிசையில் நிரல் இருக்கும் ஃபோல்டரும் இல்லை, நீங்கள் நிற்கும் ஃபோல்டரும் இல்லை. விண்டோஸில் பழகியவர்கள் லைப்ரரியை நிரலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு ஏன் எடுக்கவில்லை என்று திகைப்பது இதனால்தான்.

சரி, முதலில் எந்தக் கட்டளையைத் தட்டுவது?

எல்டிடி. எல், டி, டி என மூன்றே எழுத்து. அதன் பின்னால் நிரலின் முழுப் பாதையைக் கொடுங்கள். நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகள் வரிசையாக வரும். எது எங்கிருந்து கிடைத்தது என்பது அம்புக்குறிக்கு வலப்பக்கம் இருக்கும். கிடைக்காததற்கு நேராக "நாட் ஃபவுண்ட்" என்று இருக்கும். நிரல் ஓடும்போது ஒரு சமயத்தில் ஒரு பெயரை மட்டுமே சொல்லிவிட்டு நிற்கும். எல்டிடி விடுபட்ட எல்லாவற்றையும் ஒரே தடவையில் காட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சில சூழ்நிலைகளில் எல்டிடி அந்த நிரலையே ஓடவிடக்கூடும். எங்கிருந்தோ வந்த, நம்பிக்கையில்லாத கோப்பின் மேல் அதைப் பிரயோகிக்காதீர்கள். அங்கே 'ரீட்எல்ஃப் -டி' தட்டி, 'நீடட்' என்று குறித்த வரிகளைப் பாருங்கள். கோப்பைப் படிப்பதோடு சரி, எதையும் அது இயக்காது. ஆனால் நேரடியாக வேண்டிய லைப்ரரிகளை மட்டுமே காட்டும், அவற்றுக்கு வேண்டியவற்றைக் காட்டாது.

எல்டிடியும் போதாத இடத்தில் எல்டி_டிபக் இருக்கிறது. எல்டி_டிபக்=லிப்ஸ் என்று முன்னால் போட்டு நிரலை இயக்கினால், லோடர் ஒவ்வொரு லைப்ரரிக்கும் எந்தெந்தக் கதவைத் தட்டியது என்பது வரிவரியாக வரும். நீளமாக வரும், பயப்படாதீர்கள். விடுபட்ட பெயரை அதில் தேடுங்கள். அதைச் சுற்றியுள்ள நாலைந்து வரிகளில் விடை இருக்கும். மன்றங்களில் பத்துப் பேரின் ஊகங்களைப் படிப்பதைவிட இந்த வெளியீட்டை ஒரு தடவை படிப்பது மேல்.

கோப்பின் பெயர் தெரிகிறது. எந்த பேக்கேஜில் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உபுண்டு, டெபியனில் ஆப்ட்-ஃபைல் என்ற கருவியை இன்ஸ்டால் செய்து, 'ஆப்ட்-ஃபைல் அப்டேட்' ஒரு தடவை ஓட்டிவிட்டு, 'ஆப்ட்-ஃபைல் சர்ச்' என்று கோப்பின் பெயரைக் கொடுங்கள். ஃபெடோராவில் 'டிஎன்எஃப் புரொவைட்ஸ்'. ஆர்ச்சில் 'பேக்மேன் -எஃப்', இங்கே எஃப் பெரிய எழுத்து. 'டிபிகேஜி -எஸ்' (எஸ் பெரிய எழுத்து) ஏற்கெனவே கணினியில் இருக்கும் பேக்கேஜ்களுக்குள் மட்டுமே தேடும், ஆகவே இல்லாத கோப்பைத் தேட அது உதவாது.

கோப்பை மட்டும் கூகுளில் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி, சிஸ்டம் ஃபோல்டரில் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கோப்பை யார் தொகுத்தார்கள் (கம்பைல் செய்தார்கள்), உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அடுத்த அப்டேட் அதைத் தொடவும் தொடாது. பேக்கேஜ் வழியாக வந்தால் பாதுகாப்புத் திருத்தமும் அதே வழியில் வந்து சேரும்.

பேக்கேஜை இன்ஸ்டால் செய்துவிட்டேன். அதே பிழை திரும்பவும் வருகிறதே?

பெயரின் வாலில் உள்ள எண்ணைப் பாருங்கள். கேட்பது .எஸ்ஓ.5, நீங்கள் போட்டது .எஸ்ஓ.6 தருகிற பேக்கேஜாக இருக்கலாம். நிரல் 32 பிட்டாக இருந்து நீங்கள் 64 பிட் லைப்ரரியைப் போட்டிருக்கலாம். 'ஃபைல்' என்ற கட்டளைக்கு நிரலின் பெயரைக் கொடுத்தால் எத்தனை பிட் என்று சொல்லிவிடும். 32 பிட் என்றால் உபுண்டுவில் 'டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386' தட்டி, 'ஆப்ட் அப்டேட்' செய்துவிட்டு, பேக்கேஜ் பெயரின் கடைசியில் ':ஐ386' சேர்த்து இன்ஸ்டால் செய்யுங்கள்.

வாலில் எண்ணே இல்லாமல் வெறும் .எஸ்ஓ என்று முடியும் பெயர் வேறு கதை. அது பெரும்பாலும் '-டெவ்' என்று முடியும் பேக்கேஜில் வரும், நிரலைத் தொகுக்கும்போது தேவைப்படுவது. தொகுக்கும்போது "கேனாட் ஃபைண்ட் -எல்..." என்று வந்தால் '-டெவ்' பேக்கேஜைப் போடுங்கள். ஓடும்போது வரும் பிழைக்கு அநேகமாக அது தேவையில்லை.

லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 கிடைக்கவில்லை என்கிறது. புது உபுண்டுவில் அந்த பேக்கேஜே இல்லையே?

இது ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.1 பதிப்புக் கோப்பு. உபுண்டு 22.04-இலிருந்து இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0, 2021 செப்டம்பரில் வந்தது. 22.04 அதற்கு மாறியபோது 1.1-ஐ விட்டுவிட்டது. டெபியன் 12-உம் அப்படியே. 1.1.1 தொடருக்கான பொதுப் பராமரிப்பு 2023 செப்டம்பர் 11 அன்று முடிந்தது. அன்று வெளியான 1.1.1டபிள்யூதான் பொதுவில் வந்த கடைசிப் பதிப்பு.

ஆகவே முதல் பதில்: நிரலைப் புதுப்பியுங்கள். உதாரணமாக மாங்கோடிபி டேட்டாபேஸின் 5.0 பேக்கேஜ் 1.1-ஐக் கேட்கும். 6.0 தொடரில் 22.04-க்கென்றே பேக்கேஜ் வந்துவிட்டது. பழைய ரூபி, பைதான் பதிப்புகளை நீங்களே தொகுத்து வைத்திருந்தீர்கள் என்றால், டிஸ்ட்ரோவை (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகையை) புதுப்பித்த பிறகு அவற்றையும் மறுபடி தொகுக்க வேண்டும்.

நிரலைப் புதுப்பிக்க வழியே இல்லை, அதை எழுதியவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்றால், உபுண்டு 20.04 டாக்கர் கன்டெய்னரில் (கணினிக்குள் தனியாக ஒதுக்கிய சூழலில்) அதை ஓட்டுங்கள். அதுவும் முடியாது என்றால் 1.1.1டபிள்யூவை /ஆப்ட் (ஓ-பி-டி) ஃபோல்டருக்குள் தொகுத்து, அந்த ஒரு நிரலுக்கு மட்டும் பாதையைக் காட்டுங்கள்.

20.04-இன் டெப் (உபுண்டு பேக்கேஜ்) கோப்பை இறக்கி 22.04-இல் போடச் சொல்லும் வழிமுறைகள் இணையம் முழுக்க இருக்கின்றன. போட்டால் நிரல் ஓடும், உண்மைதான். ஆனால் உங்கள் 22.04 கணினி அந்த லைப்ரரிக்கு இனி எந்தத் திருத்தத்தையும் கொண்டுவராது. வெளி உலகத்தோடு பேசுகிற, கடவுச்சொற்கள் கடந்துபோகிற ஒரு லைப்ரரியை அப்படி விட்டுவைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இணையத் தொடர்பே இல்லாத ஆய்வகக் கணினி என்றால் அது வேறு.

லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 இருக்கிறதே. அதற்கே 1.1 என்று ஒரு சிம்லிங்க் (குறுக்குவழிப் பெயர்) போட்டுவிட்டால்?

வேண்டாம். வாலில் உள்ள எண் சும்மா ஒட்டியதல்ல. லைப்ரரியை எழுதுபவர்கள் பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத மாற்றத்தைச் செய்யும்போதுதான் அந்த எண்ணை மாற்றுகிறார்கள். எண் மாறியிருக்கிறது என்றால், பழைய நிரல் இதை நம்பக்கூடாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். சிம்லிங்க் போட்டு ஏமாற்றினால், அதிர்ஷ்டம் இருந்தால் "வெர்ஷன் ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 நாட் ஃபவுண்ட்" என்று உடனே நிற்கும். இப்படிப் பதிப்புக் குறி வைக்காத லைப்ரரி என்றால் நிலைமை மோசம். நிரல் தொடங்கும், ஓடும், ஒரு நாள் நடுவில் விழும், அல்லது தவறான விடையைத் தரும். அப்போது இந்த சிம்லிங்க் யாருக்கும் நினைவில் இருக்காது.

சிம்லிங்க் சரியாக இருக்கும் இடமும் உண்டு. லிப்ஃபூ.எஸ்ஓ.1.2.3 என்ற கோப்புக்கு லிப்ஃபூ.எஸ்ஓ.1 என்ற பெயர் இல்லாமல் போயிருந்தால், இரண்டும் ஒரே லைப்ரரிதான். அதையும் கையால் போட வேண்டாம், அடுத்த பதிலில் வரும் எல்டிகான்ஃபிக் அதைத் தானே போட்டுவிடும்.

/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஃபோல்டரில் கோப்பைக் கண்ணால் பார்க்கிறேன். நிரல் மட்டும் இல்லை என்கிறது.

மூல நிரலிலிருந்து தொகுத்து 'மேக் இன்ஸ்டால்' செய்தவர்களுக்கு அடிக்கடி வருவது. லோடர் ஒவ்வொரு தடவையும் ஃபோல்டர் ஃபோல்டராகத் துழாவுவதில்லை, முன்பே தயாரித்த பட்டியலைத்தான் பார்க்கிறது. பட்டியல் பழசாக இருக்கிறது. 'சுடோ எல்டிகான்ஃபிக்' என்று ஒரு தடவை ஓட்டுங்கள். அப்புறம் 'எல்டிகான்ஃபிக் -பி' தட்டி, கோப்பின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டதா பாருங்கள்.

உபுண்டுவிலும் டெபியனிலும் இது போதும், ஏனென்றால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஏற்கெனவே தேடும் இடங்களில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ரெட் ஹாட் குடும்பத்தில் அப்படி இல்லை. அங்கே /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி ஃபோல்டரில் ஒரு சிறு கோப்பைப் போட்டு, உள்ளே அந்தப் பாதையை ஒரு வரியாக எழுதிவிட்டு எல்டிகான்ஃபிக் ஓட்ட வேண்டும். கோப்பின் பெயர் '.கான்ஃப்' என்று முடிய வேண்டும், இல்லாவிட்டால் படிக்காது. சில திட்டங்கள் லிப்64 என்ற ஃபோல்டரில் கொண்டுபோய் வைக்கும், அதையும் கவனியுங்கள்.

எல்டி_லைப்ரரி_பாத்தை பேஷ்ஆர்சியில் (ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்பில்) போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

அப்போதைக்கு ஓடும். ஆனால் அந்த மாறி ஒரு நிரலுக்கு மட்டும் போவதில்லை, அந்த ஷெல்லிலிருந்து கிளம்பும் அத்தனை நிரல்களுக்கும் போகிறது. நீங்கள் காட்டிய ஃபோல்டரில் ஒரு பழைய லிப்எஸ்டிடிசி++ (சி++ லைப்ரரி) இருந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறு நிரல்களும் அதை எடுத்துக்கொண்டு விழும். பெரிய வணிக மென்பொருள்கள் தங்களுடைய லைப்ரரிகளை ஒரே ஃபோல்டரில் கொட்டி வைத்திருக்கும். அந்த ஃபோல்டரை பேஷ்ஆர்சியில் சேர்த்தால், காரணம் தெரியாத கோளாறுகள் வாரக்கணக்கில் துரத்தும்.

சோதனை செய்ய அருமையான கருவி அது. நிரலின் பெயருக்கு முன்னால் அதே வரியில் எழுதினால் அந்த ஒரு ஓட்டத்தோடு முடிந்துவிடும். நிரந்தரமாக வேண்டும் என்றால், அந்த நிரலை இயக்கும் சிறு ஷெல் ஸ்கிரிப்டுக்குள் போடுங்கள்.

இன்னொன்று. புதிய பாதையை எழுதி, முக்காற்புள்ளி வைத்து, பழைய மதிப்பைப் பின்னால் ஒட்டுவதுதான் எல்லோரும் எழுதும் முறை. பழைய மதிப்பு காலியாக இருந்தால் கடைசியில் முக்காற்புள்ளி மட்டும் நிற்கும். அந்தக் காலி இடத்தை லோடர் 'இப்போது நிற்கும் ஃபோல்டர்' என்று எடுத்துக்கொள்ளும். பிறர் கோப்பு வைக்கக்கூடிய ஃபோல்டரில் நீங்கள் நின்றால், அவர் வைத்த லைப்ரரி உங்கள் பெயரில் ஓடும்.

நான் ஓட்டினால் ஓடுகிறது. சுடோவில், சிஸ்டம்டியில், கிரானில் ஓட்டினால் லைப்ரரி இல்லை என்கிறது.

நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் சுடோ, சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டி, குறித்த நேரத்தில் ஓட்டும் கிரான் ஆகியவை உங்கள் பேஷ்ஆர்சியைப் படிப்பதில்லை. சுடோ வழக்கமான அமைப்பில் சூழல் மாறிகளைத் துடைத்துவிட்டுத்தான் நிரலை ஓட்டும். சிஸ்டம்டி சேவை என்றால் யூனிட் கோப்பில் 'என்விரான்மென்ட்=' வரியில் எழுதுங்கள். இல்லாவிட்டால், முன் சொன்னபடி கான்ஃப்.டி ஃபோல்டர் வழியாக முறையாகச் சேர்த்துவிடுங்கள்.

இதில் ஒளிந்திருக்கும் ஒன்று செட்கேப். ரூட் (நிர்வாகி) அதிகாரம் இல்லாமலே 80-ஆம் போர்ட்டைத் திறக்க வேண்டும் என்று நிரலுக்கு செட்கேப் மூலம் அதிகாரம் கொடுத்த உடனே, அதுவரை கிடைத்த லைப்ரரி காணாமல் போகும். கூடுதல் அதிகாரம் உள்ள நிரலுக்கு லோடர் எல்டி_லைப்ரரி_பாத்தை வேண்டுமென்றே புறக்கணிக்கிறது. யார் இயக்கினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும் செட்யூஐடி நிரல்களுக்கும் இதே விதி. இது நல்ல பாதுகாப்பு, சுற்றிப் போக வழி தேடாதீர்கள்.

"வெர்ஷன் ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்" என்றால்?

ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி. அது கிடைத்துவிட்டது, ஆனால் பழசு. உங்கள் கணினியில் உள்ள ஜிலிப்சியைவிடப் புதிய டிஸ்ட்ரோவில் அந்த நிரல் தொகுக்கப்பட்டிருக்கிறது. உபுண்டு 20.04-இல் இருப்பது 2.31, 22.04-இல் 2.35, 24.04-இல் 2.39, டெபியன் 12-இல் 2.36. உங்களிடம் இருப்பதைத் தெரிந்துகொள்ள 'எல்டிடி --வெர்ஷன்' போதும்.

குறிப்பாக 2.34 என்ற எண்ணே ஏன் இத்தனை பேருக்கு வருகிறது? 2021 ஆகஸ்டில் வந்த அந்தப் பதிப்பில், தனியாக இருந்த லிப்பித்ரெட் முதலியவற்றை ஜிலிப்சியின் முக்கியக் கோப்பான லிப்சிக்குள்ளேயே சேர்த்தார்கள். நிரல் தொடங்கும்போது அழைக்கப்படும் ஃபங்ஷனுக்கும் புதுப் பதிப்புக் குறி வந்தது. அதனால் புதிய டிஸ்ட்ரோவில் தொகுத்த மிகச் சிறிய சி நிரல்கூட 2.34-ஐக் கேட்கும்.

ஜிலிப்சியை மட்டும் தனியாக மாற்றப் போகாதீர்கள். எல்எஸ், சிபி, பேஷ், சுடோ எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. அது உடைந்தால் சரிசெய்ய ஒரு கட்டளைகூட ஓடாது, வெளியிலிருந்து யூஎஸ்பி வைத்து பூட் செய்துதான் மீட்க வேண்டும். டிஸ்ட்ரோவைப் புதுப்பியுங்கள், அல்லது கன்டெய்னரில் ஓட்டுங்கள், அல்லது நிரலை உங்கள் கணினியிலேயே தொகுங்கள்.

நிரலை வெளியிடுபவர் நீங்கள் என்றால், ஆதரிக்க விரும்பும் ஆகப் பழைய டிஸ்ட்ரோவில் தொகுங்கள். பழையதில் தொகுத்தது புதியதில் ஓடும், தலைகீழாக ஓடாது. பைதான் உலகில் மெனிலினக்ஸ்2014 என்ற தரம் சென்ட்ஓஎஸ் 7-இன் ஜிலிப்சி 2.17-ஐ அடிப்படையாகக் கொண்டது இதே காரணத்துக்காகத்தான்.

"ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 நாட் ஃபவுண்ட்" என்பதும் அதேதானா?

கிட்டத்தட்ட. இது சி++ லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++ பற்றியது. 3.4.30 என்ற குறி ஜிசிசி கம்பைலரின் 12-ஆம் பதிப்புடன் வந்தது. கோண்டா என்ற பேக்கேஜ் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு அதிகம் வரும்: சிஸ்டத்தில் புதியது இருக்கும், கோண்டா சூழலுக்குள் இருக்கும் பழையது முந்திக்கொள்ளும். கோண்டா-ஃபோர்ஜிலிருந்து 'லிப்எஸ்டிடிசிஎக்ஸ்எக்ஸ்-என்ஜி' பேக்கேஜைப் புதுப்பித்தால் தீரும்.

டாக்கரில் ஓப்பன்சிவி இம்போர்ட் செய்தால் லிப்ஜிஎல்.எஸ்ஓ.1 இல்லை என்கிறது.

சர்வரில் திரையே இல்லை, ஆனால் படங்களைச் செயலாக்கும் ஓப்பன்சிவியின் வழக்கமான பேக்கேஜ் ஜன்னல் திறந்து படம் காட்டும் பகுதியையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அதற்குத்தான் லிப்ஜிஎல். படத்தைச் செயலாக்குவதோடு உங்கள் வேலை முடிகிறது என்றால், 'ஓப்பன்சிவி-பைதான்'-ஐ நீக்கிவிட்டு 'ஓப்பன்சிவி-பைதான்-ஹெட்லெஸ்' போடுங்கள். டாக்கர் இமேஜும் சிறியதாகும். ஜன்னல் வேண்டும் என்றால் 'லிப்ஜிஎல்1' பேக்கேஜை ஆப்ட் மூலம் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வழிகாட்டிகளில் வரும் 'லிப்ஜிஎல்1-மெசா-ஜிஎல்எக்ஸ்' என்ற பெயர் புதிய பதிப்புகளில் எடுக்கப்பட்டுவிட்டது.

ஆப்இமேஜ் ஓடவில்லை, லிப்ஃபியூஸ்.எஸ்ஓ.2 என்கிறது.

ஆப்இமேஜ் என்பது ஒரே கோப்பாக வரும் நிரல், அதை ஓட்ட இந்த லைப்ரரி வேண்டும். உபுண்டு 22.04-இல் 'லிப்ஃபியூஸ்2', 24.04-இல் 'லிப்ஃபியூஸ்2டி64'. பேக்கேஜின் பெயரைச் சரியாகத் தட்டுங்கள். வெறும் 'ஃபியூஸ்' என்ற பேக்கேஜைப் போட்டால் அது ஃபியூஸ்3-ஐ வெளியேற்றி, டெஸ்க்டாப்பின் பகுதிகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகலாம். எதையும் இன்ஸ்டால் செய்ய விருப்பமில்லை என்றால் '--ஆப்இமேஜ்-எக்ஸ்ட்ராக்ட்' கொடுத்து விரித்து, உள்ளே இருக்கும் 'ஆப்ரன்'-ஐ இயக்குங்கள்.

நிரல் கண்முன்னே இருக்கிறது, ஷெல் "நோ சச் ஃபைல்" என்கிறது. எந்த லைப்ரரி பெயரும் வரவில்லை.

இங்கே காணாமல் போனது லோடரேதான். நிரலுக்குள் தன் லோடரின் பாதை எழுதப்பட்டிருக்கும். அந்தப் பாதையில் ஒன்றும் இல்லை என்றால், கர்னல் தரும் "இல்லை" என்ற பதிலை ஷெல் நிரலின் பெயரோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறது. பேஷ் 5.2-இல் இதைக் கொஞ்சம் தெளிவாக்கி "ரெக்வயர்டு ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்று சொல்ல வைத்திருக்கிறார்கள்.

இரண்டு இடங்களில் இது வரும். ஒன்று, 32 பிட் ஆதரவு இல்லாத கணினியில் 32 பிட் நிரல். மற்றொன்று ஆல்பைன் லினக்ஸ். ஆல்பைனில் ஜிலிப்சி கிடையாது, மசில் என்ற வேறு லைப்ரரி. ஜிலிப்சிக்காகத் தொகுத்த நிரல் அங்கே அப்படியே ஓடாது. 'ஜிகாம்பேட்' பேக்கேஜ் சிறிய நிரல்களுக்கு உதவும். பெரியதற்கு டெபியன் ஸ்லிம் இமேஜுக்கு மாறுவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

எல்டிடியில் எல்லாம் சரியாக இருக்கிறது. நிரல் தொடங்கிய பிறகு நடுவில் லைப்ரரி இல்லை என்கிறது.

சில லைப்ரரிகளை நிரல் ஓடும்போதுதான், டிஎல்ஓப்பன் என்ற ஃபங்ஷன் மூலம் கேட்கும். பிளகின்கள், டேட்டாபேஸ் டிரைவர்கள், ஜன்னல் நிரல்களுக்கான கியூட்டியின் திரைப் பகுதிகள் எல்லாம் அப்படி. எல்டிடிக்கு இவை தெரியாது. எல்டி_டிபக் இங்கேதான் கைகொடுக்கும். பிளகின் கோப்பு எது என்று தெரிந்த பிறகு, அந்தக் கோப்பின் மேலேயே எல்டிடியை ஓட்டுங்கள். பிளகின் இருக்கும், அதற்கு வேண்டியது ஒன்று இருக்காது.

என் நிரலை லைப்ரரிகளோடு சேர்த்து ஒரே ஃபோல்டராகத் தர விரும்புகிறேன்.

தொகுக்கும்போது '-டபிள்யூஎல்,-ஆர்பாத்' கொடுத்து, பாதையாக '$ஆரிஜின்/லிப்' என்று எழுதுங்கள். $ஆரிஜின் என்பதற்கு நிரல் இருக்கும் ஃபோல்டர் என்று லோடர் பொருள் கொள்ளும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஷெல் அதைத் தன் மாறி என்று நினைத்துக் காலியாக்கிவிடும். மேக்ஃபைலில் டாலர் குறியை இரட்டையாகப் போட வேண்டும். எழுதியது உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று 'ரீட்எல்ஃப் -டி' காட்டும்.

பலரையும் வாட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. உபுண்டுவில் இந்த விருப்பத்தைக் கொடுத்தால் உள்ளே எழுதப்படுவது ரன்பாத். அது நிரல் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகளுக்கு மட்டுமே பொருந்தும். அந்த லைப்ரரி இன்னொன்றைக் கேட்டால் உங்கள் பாதையைப் பார்க்காது. ஆகவே நீங்கள் சேர்த்துத் தரும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் தனித்தனியாக '$ஆரிஜின்' எழுத வேண்டும். தொகுத்து முடித்த கோப்பு என்றால் 'பேட்ச்எல்ஃப் --செட்-ஆர்பாத்' இதைச் செய்யும். மூல நிரல் கிடைக்காதவற்றுக்கும் இதுதான் வழி.

விண்டோஸில் விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை என்று வருகிறது.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை இறக்கி இன்ஸ்டால் செய்யுங்கள். 2015 முதல் வந்த பதிப்புகளுக்கெல்லாம் ஒரே தொகுப்புதான். 64 பிட் விண்டோஸ் ஆனாலும் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுங்கள், ஏனென்றால் நிரல் 32 பிட்டாக இருக்கலாம். எம்எஸ்விசிஆர்120 என்று கேட்டால் அது 2013-இன் தொகுப்பு, எம்எஸ்விசிஆர்100 என்றால் 2010. டி3டிஎக்ஸ்9_43 போன்றவை பழைய விளையாட்டுகள் கேட்பவை. அவற்றுக்கு 2010 ஜூன் மாத டைரக்ட்எக்ஸ் ரன்டைம் தொகுப்பு.

டிஎல்எல் கோப்புகளை ஒவ்வொன்றாக இலவசமாகத் தரும் தளங்களுக்குப் போகாதீர்கள். தீங்கான கோப்பு வரும் அபாயம் ஒருபுறம். நல்ல கோப்பே வந்தாலும் 32 பிட்டை 64 பிட் இடத்தில் போட்டு 0xc000007பி என்ற அடுத்த பிழையில் மாட்டிக்கொள்வது மறுபுறம். சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64-இல் இருப்பது 32 பிட். பெயர்கள் தலைகீழ், பலரும் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

மேக்கில்?

எல்டிடிக்குப் பதில் 'ஓடூல் -எல்', எல் பெரிய எழுத்து. ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் கருவியில் ஒன்றைப் புதுப்பித்ததும் வேறொன்று "லைப்ரரி நாட் லோடட்" என்றால், அந்த வேறொன்றை 'ப்ரூ ரீஇன்ஸ்டால்' செய்யுங்கள். எம் வரிசை மேக்கில் ஹோம்ப்ரூ இருப்பது /ஆப்ட்/ஹோம்ப்ரூ, இன்டெல் மேக்கில் /யூஎஸ்ஆர்/லோக்கல். பழைய மேக்கிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே நகர்த்தியவர்களுக்கு இரண்டும் கலந்து கிடக்கும். 2020-இல் வந்த பிக் சர் முதல் சிஸ்டம் லைப்ரரிகள் தனிக் கோப்பாக டிஸ்கில் இருப்பதில்லை. ஆகவே /யூஎஸ்ஆர்/லிப்-இல் அவற்றைக் காணோம் என்று பதற வேண்டாம்.

எதுவும் சரிவரவில்லை. யாரிடமாவது கேட்கும்போது என்னென்ன கொடுக்க வேண்டும்?

பிழைச் செய்தியை முழுதாக, எழுத்தாகவே ஒட்டுங்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் யாராலும் அதைத் தேடிப் பார்க்க முடியாது. டிஸ்ட்ரோவின் பெயரும் பதிப்பும் (/இடிசி/ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் இருக்கும்), 'யூநேம் -எம்' தருவது, நிரலின் மேல் 'ஃபைல்', எல்டிடி ஆகியவற்றின் வெளியீடு, எல்டி_லைப்ரரி_பாத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பது, நிரல் எங்கிருந்து வந்தது என்பது. ஏற்கெனவே சிம்லிங்க் போட்டிருந்தாலோ, கோப்பை எங்காவது நகலெடுத்து வைத்திருந்தாலோ அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். உதவ வருபவர் முதலில் அவற்றை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க முடியும்.